வலுவான இளங்குதிரையின் முன் கை தயங்கும்போது

மூன்று வயதுகூட நிறையாத, குஜராத்தின் கத்தியவார் இனத்து ஆண்குதிரை ஒன்று, ஒரு மாலை நேரத்தில், எங்கள் தோட்டத்துக் கேட்டைத் திறந்த மறுகணமே என் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கயிற்றை விட மனமில்லாமல் பத்தடி தூரம் இழுபட்டேன். வலது உள்ளங்கையில் தோல் உரிந்த பிறகுதான் விட்டேன். குதிரை வரப்போரமாகப் போய் நின்று, ஒன்றுமே நடக்காததுபோலப் புல் மேயத் தொடங்கியது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அடுத்த நாள் காலை லாயத்துக்குள் நுழையும்போது, இந்தக் குதிரையை நான் வாங்கியிருக்கவே கூடாதோ என்ற எண்ணம் வந்தது. அதன் பிறகு மூன்று வாரம் அதை வெளியே கொண்டுபோகாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது: தூறல், தண்ணீர் பாய்ச்சும் முறை, வீட்டுக்கு வந்த உறவினர்கள். லாயத்தைக் கூட்டினேன், தீனி வைத்தேன், உடம்பைத் தேய்த்துவிட்டேன். கேட் பக்கம் மட்டும் அதை நடத்திப் போகவில்லை.

அப்படியொரு மூன்று வாரத்தில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குதிரையே பழகாதவர்களுக்கு இது போதாது. ஓரளவு பழகியும், முந்நூற்றைம்பது கிலோ எடையும் துடிப்பும் உள்ள ஓர் இளங்குதிரையின் முன்னால் தம் கையை நம்ப முடியாமல் நிற்பவர்களுக்கு இது உதவும்.

ஐயத்திடம் இடத்தைக் கேளுங்கள்

இந்த நிலையில் இருப்பவரிடம் எல்லோரும் முதலில் சொல்வது, "பயப்படாதே, நீ பயந்தால் குதிரைக்குத் தெரிந்துவிடும்" என்பதுதான். இதனால் ஒரு பயனும் இல்லை. பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. குதிரைக்குத் தெரிந்துவிடுமே என்ற புதிய பயம் ஒன்று மேலும் சேர்ந்துகொள்ளும். ஐயத்தை விரட்ட முயல்வதைவிட, அது எந்த இடத்தில், எந்த நொடியில் வருகிறது என்று விசாரிப்பதே பலன் தரும். "என்னால் இந்தக் குதிரையைச் சமாளிக்க முடியாது" என்பது ஒரு மூட்டை. அதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் மூன்று நான்கு பொருள்கள்தான் இருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை லாயத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எழுதுங்கள். குதிரையிடம் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அந்த வேலையின்போது உங்கள் மூச்சு எப்படி இருந்தது என்று மட்டும் குறித்தால் போதும். நான் எழுதியபோது, தேய்ப்பது, தலைக்கயிறு போடுவது, முன்கால் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, லாயத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நடத்திப் போவது ஆகிய எதிலும் எனக்குத் தயக்கமே இல்லை என்பது தெரிந்தது. மூச்சு நின்றது மூன்றே இடங்களில்: கேட், வலது பின்னங்கால், சாலையில் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம். இந்த மூன்றில் கேட் ஒன்றுதான் உண்மையில் எனக்கு அடிபட்ட இடம். மற்ற இரண்டும் அதன் நிழல். முழுக் குதிரையையும் பற்றி இருந்த ஐயம் பன்னிரண்டு அடி அகலமுள்ள ஓர் இரும்புக் கேட்டுக்குள் அடங்கியது. அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டால் அதைக் கொண்டு வேலை செய்ய முடியும்.

முதலில் குதிரையின் உடம்பு

தன்மீது ஐயம் கொண்டவர் எல்லாக் குற்றத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வார். குதிரையின் வாயைத் திறந்து பார்க்க மாட்டார். இளங்குதிரைக்கு இரண்டரை வயதில் நடு முன்பற்களும், மூன்றரையில் அவற்றை அடுத்தவையும், நான்கரையில் ஓரப் பற்களும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கின்றன. கடைவாயிலும் இதே ஆண்டுகளில் பல் மாறுகிறது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல், கடிவாள இரும்பு வந்து உட்காரும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும். நேற்றுவரை கடிவாளத்தை ஏற்றுக்கொண்ட குதிரை இன்று தலையை உதறினால், நீங்கள் கைதவறிவிட்டீர்கள் என்று முடிவு கட்டும் முன், ஒரு கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். சேணம் படும் முதுகையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். தோல் சுருங்கித் துள்ளும் இடத்தில் வலி இருக்கலாம்.

அடுத்தது தீனி. இளங்குதிரை இளைத்துவிடக் கூடாதென்று வேகவைத்த கொள்ளையும் கொண்டைக்கடலையையும் ஓட்ஸையும் வாளி வாளியாக வைத்துவிட்டு, நாளில் இருபத்திரண்டு மணி நேரம் லாயத்தில் கட்டிவைப்பது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. குதிரையின் இரைப்பை அதன் உடம்பை நோக்கச் சிறியது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தீனி தின்பதற்கென்று அமைந்தது. முந்நூற்றைம்பது கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்து முதல் ஏழு கிலோ உலர்ந்த புல் முதலில் கிடைக்க வேண்டும். தானியம் அது செய்யும் வேலைக்கு ஏற்ப, அதற்குப் பின். வேலையே இல்லாத குதிரைக்குத் தானியம் பாதியானாலும் கெடுதல் இல்லை. நான் தானியத்தை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, வேலியடைத்த ஒரு காணி நிலத்தில் பகல் முழுதும் அவிழ்த்துவிட்டேன். கேட் அருகே அது துள்ளுவது பத்து நாளில் பாதியாகக் குறைந்தது. இதில் என் துணிச்சலுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் குதிரை அமைதியானதைக் கண்டதும் எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்தது, அதனால்தான் இதைத் தீனியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சுழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குதிரை முரண்டு பிடிக்கிறது என்று சொன்ன உடனே, பார்க்க வந்தவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் சுழி தேடுவார்கள். இன்ன இடத்தில் சுழி இருந்தால் அது எசமானுக்கு ஆகாது என்பார்கள். சுழியின் மேலுள்ள நம்பிக்கையை நான் யாரிடமிருந்தும் பறிக்க வரவில்லை. ஆனால் ஐயத்தில் இருக்கும் ஒருவர் காதில் அது விழும்போது, இனி முயன்று பயனில்லை என்றுதான் கேட்கிறது. குதிரையை வாங்கும் முன் சுழி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். வாங்கிய பிறகு பல்லையும் முதுகையும் குளம்பையும் பார்ப்பதே குதிரைக்கு நாம் செய்யும் நியாயம்.

கையில் தொடங்குகிறது

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு நெடுங்காலமாகக் குதிரை கொண்டுவரும் பெரியவர் ஒருவரை, மூன்றாவது வார இறுதியில் எங்கள் தோட்டத்துக்கு வரச்சொன்னேன். அவர் குதிரையைத் தொடவே இல்லை. என்னைக் கேட்வரை நடத்திப் போகச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்த்தார். கேட்டுக்கு இருபதடி முன்பே, "நில்லுங்க தம்பி" என்றார். "குதிரையப் பார்க்காதீங்க, உங்க கையப் பாருங்க. கயித்தைத் தாடைக்குக் கீழே சுருட்டிப் புடிச்சிருக்கீங்க. என்னமோ வரப்போகுதுன்னு நீங்களே அதுக்குச் சொல்லிப்போட்டீங்க."

குனிந்து பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கயிற்றின் கொக்கிக்கும் என் கைக்கும் நடுவே நான்கு விரல்கூட இடைவெளி இல்லை. நான் அப்படிப் பிடித்ததே எனக்குத் தெரியாது.

பெரியவர் சொன்னதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2009இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஏறிச் செல்பவர்களிடமும், ஒரே பாதையை நான்காவது முறை கடக்கும்போது குதிரைக்கு அருகில் ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் அந்த நான்காவது முறையில் மனிதர்களின் இதயத்துடிப்பும் கூடியது, குதிரைகளின் இதயத்துடிப்பும் கூடியது. குதிரைகளுக்குக் குடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்களோடு இருந்த மனிதரிடமிருந்துதான் அவை எதையோ அறிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே மனத்தை மாற்ற முயலாமல் உடம்புக்கு வேறு வேலை கொடுங்கள். கயிற்றைத் தாடையிலிருந்து மூன்றடி தள்ளிப் பிடியுங்கள். அந்த மூன்றடியும் ஒரு சிறு தொய்வோடு தொங்க வேண்டும். கயிறு பன்னிரண்டு அடி நீளமுள்ள தடித்த பருத்திக் கயிறாக இருக்கட்டும். நைலான் கயிறு கையை அறுக்கும். மீதிக் கயிற்றைக் கையைச் சுற்றி ஒருபோதும் சுருட்டக் கூடாது, முன்னும் பின்னுமாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுருட்டிய கயிறு இறுகினால் விரலே போய்விடும். கையுறை அணியுங்கள், தலைக்கவசம் அணியுங்கள். தரையில் நடத்தும்போது தலைக்கவசம் எதற்கு என்று கேட்பவர்கள், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரையின் முன்குளம்பு எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கட்டும். குதிரையின் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அதன் கண்ணுக்கு எட்டாத இடம் உண்டு. அதன் இடது தோளுக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில் நடங்கள். நான்கு அடி எடுத்துவைக்கும் நேரம் மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாக நடக்கும். தயக்கத்தில் நாம் மறப்பது வெளியே விடுவதைத்தான்.

கேட் இல்லாத கேட்

அடிபட்ட இடத்திலேயே முதல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். வேலிக்குள், தவறினாலும் குதிரை எங்கும் போய்விட முடியாத இடத்தில், இரண்டு மூங்கில் கழிகளைத் தரையில் இணையாகக் கிடத்துங்கள். நடுவே எட்டடி இடைவெளி இருந்தால் போதும். இதுதான் உங்கள் கேட். தீனி நேரத்திலும், மற்றக் குதிரைகள் கனைத்துக்கொண்டிருக்கும்போதும் இதைச் செய்ய வேண்டாம். அவிழ்த்துவிட்ட குதிரை ஓடித் துள்ளி ஓய்ந்த பின் அழைத்து வாருங்கள்.

கழிகளுக்கு ஓரடி முன்னால் நீங்கள் நின்றுவிடுங்கள். குதிரை நிற்காமல் முன்னேறினால், கயிற்றை இழுத்துப் பிடித்துத் தொங்காமல், பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். அல்லது மார்பின் நடுவில் இரண்டு விரல் வைத்து அழுத்துங்கள். இப்போது அதன் முன்கால்களைப் பாருங்கள். கால் பின்னே போவதற்கு முன்பே, தோளின் பாரம் பின்னோக்கிச் சரியும் ஒரு நொடி வரும். தோல் அடியில் தசை நகர்வது தெரியும். அந்த நொடியிலேயே விரலை எடுத்துவிடுங்கள். அழுத்துவதால் குதிரை எதையும் கற்பதில்லை. அழுத்தம் எப்போது நீங்கியது என்பதிலிருந்துதான் கற்கிறது. இரண்டு நொடி தாமதித்து எடுத்தால், அந்த இரண்டாவது நொடியில் அது செய்துகொண்டிருந்ததையே கற்றுக்கொள்ளும், அது தலையை உதறுவதாக இருந்தாலும்கூட. நான் இதில்தான் அதிகம் தவறினேன். கால் முழுதாகப் பின்னே போகட்டும் என்று காத்திருந்தேன், குதிரை அதற்குள் எதிர்த்துத் தள்ளத் தொடங்கிவிட்டது. பாரம் சரிந்த உடனே எடுக்கப் பழகிய பிறகு, நான்காவது நாளில், விரல் மார்பில் படும் முன்பே அது ஓரடி பின்வாங்கியது.

நின்ற பிறகு காத்திருங்கள். கத்தியவார், மார்வார் குதிரைகளின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் ஏறத்தாழத் தொட்டுக்கொள்ளும் என்பதால், காதின் அசைவை மற்றக் குதிரைகளைவிட எளிதாகப் படிக்கலாம். ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பி, தலை தோள் மட்டத்துக்கு இறங்கி, மூக்கு வழியாக நீண்ட மூச்சு வந்தால் மேலே நடக்கலாம். வாயை மெல்லுவதை மட்டும் வைத்துக் குதிரை அமைதியாகிவிட்டது என்று முடிவுசெய்யாதீர்கள். சற்று முன்புவரை பதறிய குதிரையும் மெல்லும். கழிகளைக் கடந்து நான்கடி நடந்து, நின்று, திரும்பி, மறுபடியும் வாருங்கள். ஒருநாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒருநாள் பயிற்சியில் பத்து முறை தொய்ந்த கயிற்றோடு நடந்துவிட்டால், மறுநாள் கழிகளை உண்மையான கேட்டின் பக்கம் பத்தடி நகர்த்துங்கள். எனக்கு அந்த எழுபதடி தூரத்தைக் கடக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. இடையில் இரண்டு முறை பின்னோக்கியும் நகர்த்தினேன். பின்னோக்கி நகர்த்துவதைத் தோல்வி என்று நினைக்காமல், அன்றைய அளவு என்று நோட்டில் எழுதினேன்.

"உன் தலைமேல் ஏறிவிட்டது, நீ எசமான் என்று காட்டு" என்று இந்த நாட்களில் பலர் சொல்வார்கள். இந்தப் பேச்சை நான் கடுமையாக மறுக்கிறேன். கேட்டில் முந்தும் குதிரை உங்களோடு போட்டியிடவில்லை. வெளியே புல்லும் மற்றக் குதிரையும் இருப்பதையும், குறுகலான இடத்தில் நிற்பதற்குப் பயமாக இருப்பதையும், முந்தினால் கயிறு விடுபடும் என்பதையும் அது அறிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைப் போட்டியாக நினைத்துவிட்டால் ஒவ்வொரு சறுக்கலும் உங்களுக்கு அவமானமாகிவிடும். அவமானப்பட்ட கைதான் அடுத்து முள் கடிவாளத்தைத் தேடும். வாயில் முள் பதியும் கடிவாளங்களைச் சந்தைகளில் இன்னும் விற்கிறார்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வந்த விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடைசெய்திருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அதைத் தொடக் கூடாது: வலியால் நிற்கும் குதிரை, வலியைவிடப் பெரிய பயம் ஒன்று வரும் நாளில் நிற்காது.

ஏறிச் சவாரி செய்வதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. குதிரையின் எலும்புகளில் முதுகெலும்புதான் கடைசியாக முதிர்கிறது. அது ஐந்து வயதைத் தாண்டியும் ஆகும். மூன்று வயதுக் குதிரையில் ஏறத் தயங்குகிறீர்கள் என்றால், குதிரையின் பொருட்டு அந்தத் தயக்கம் நல்லதே. தரையில் நிற்க, நடக்க, பின்வாங்க, திரும்பக் கற்ற குதிரைக்கு முதுகில் கற்க வேண்டியது குறைவு.

ஐயம் சரியாகச் சொல்லும் நேரங்கள்

எல்லா ஐயத்தையும் கடந்தே தீர வேண்டும் என்பதில்லை. காதைப் பின்னே மடக்கிக்கொண்டு உங்களை நோக்கி வந்து கடிப்பது, முன்கால்களால் அடிப்பது, மூலையில் நெருக்குவது ஆகியவை தொடங்கிவிட்டால் தனியாக முயலக் கூடாது. தோட்டத்தில் வேறு ஆள் இல்லாத நாளில் புதிய பயிற்சி எதையும் தொடங்கக் கூடாது. காய்ச்சலோ தூக்கமின்மையோ வீட்டில் மனவருத்தமோ உள்ள நாளில் அவிழ்த்துவிட்டுத் தீனி வைத்தால் போதும். அன்று பயிற்சியைத் தவிர்ப்பதும் குதிரையைப் பார்த்துக்கொள்வதில் சேர்ந்ததுதான். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாத ஆண்குதிரையாக இருந்தால், காயடிப்பதைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். ஆண்மை போய்விடும் என்று இங்கே பலர் தயங்குகிறார்கள். ஆனால் அடக்க முடியாமல் கைமாறிக் கைமாறிப் போகும் குதிரைகளின் கதி அதைவிட எத்தனையோ மடங்கு துயரமானது. காயடித்த மறுநாளே குணம் மாறிவிடாது. சில வாரங்கள் ஆகும், பழகிப்போன வழக்கங்களைப் பயிற்சியால்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

பயிற்சியாளரிடம் ஒப்படைப்பதென்றால், அவர் பேச்சைக் கேட்பதற்கு முன் அவருடைய குதிரைகளைப் பாருங்கள். அவர் லாயத்துக்குள் நுழைந்து கையை உயர்த்தும்போது குதிரை தலையை வெடுக்கென்று தூக்குகிறதா, வாயோரங்களில் தழும்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசி வாரத்தில் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும், அவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழகிய குதிரை பழகாத கைக்குத் திரும்பி வந்தால் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

கேட்டைக் கடந்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. பலர் குதிரையைத் தாண்டவைத்ததும் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிக் கேட்டைச் சாத்தப் போவார்கள். அப்போது குதிரையின் பின்பக்கம் அவர்கள் முகத்துக்கு நேரே இருக்கும். கடந்த உடனே குதிரையை அரை வட்டமாகத் திருப்பி, அதன் முகம் கேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். அது நின்று மூச்சு விட்ட பிறகு தாழ்ப்பாளுக்குக் கை போகட்டும். பதினெட்டாம் நாள் கயிறு தொய்ந்தபடியே நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட, நான் அந்த மகிழ்ச்சியில் அப்படியே நின்றுவிட்டேன். "திருப்புங்க தம்பி, திருப்பிப்போட்டுக் கேட்டைச் சாத்துங்க" என்றார் பெரியவர், தொட்டிச் சுவரிலிருந்து எழுந்திருக்காமலே.